வலப்பெட்டியைத் தொடாதீர்கள்: ஒரு பழைய ஸ்பீக்கர் ஜோடியின் பழுதும் சீரமைப்பும்

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில், காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். பழைய ஸ்பீக்கர்களைச் சீராக்கும் பைத்தியம் எனக்கு இருப்பதை யாரோ சொல்லி என் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். "தம்பி, இடப்பக்கத்துப் பெட்டியை ரிப்பேர் பண்ணி வாங்கிவந்து பத்து நாளாகிறது. சத்தம் வருகிறது, பாட்டு வரவில்லை" என்றார். சத்தமே வராத ஸ்பீக்கரில் பெரும்பாலும் ஒரே இடத்தில் ஒரே பழுதுதான் இருக்கும், மல்டிமீட்டரை வைத்தால் ஐந்து நிமிடத்தில் அகப்பட்டுவிடும். சத்தம் வந்து பாட்டு வராத ஸ்பீக்கரில் இரண்டு மூன்று தவறுகள் ஒன்றின் பின்னால் ஒன்று ஒளிந்திருக்கும் என்பது என் அனுபவம். இந்த ஜோடியில் அவை ஆறாக இருந்தன. அவற்றுள் ஒன்று நான் சேர்த்தது.

பெட்டிகளின் வரலாறு இது. ஆசிரியரின் தந்தையார், அவர் சொல்வழக்கில் அப்பச்சி, சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் செட்டியார்களின் தொழில் விடுதியான கிட்டங்கியில் இருந்தவர். 1976 இல் ஊர் திரும்பியபோது சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய சிதம்பரம் கப்பலில் இந்த இரண்டு பெட்டிகளையும் ஒரு ரெக்கார்ட் பிளேயரையும் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். அமெரிக்கத் தயாரிப்பு, தயாரித்தவர்களின் பெயர் இந்த ஆய்வுக்குத் தேவையில்லை. ஒவ்வொன்றிலும் தாழ்ந்த ஒலிகளுக்கு 10 அங்குல வூஃபர் ஒன்று, உயர்ந்த ஒலிகளுக்குச் சிறிய ட்வீட்டர் ஒன்று, பின்புறத்தில் ட்வீட்டரின் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு ஒன்று. எங்கும் ஓட்டையில்லாத, முழுக்க மூடிய பெட்டி. இந்தக் கடைசிச் செய்தியை அவர் போகிறபோக்கில்தான் சொன்னார். ஆனால் வழக்கு முழுவதும் அதைச் சுற்றித்தான் நடந்தது என்பதால் அதைச் சற்று விளக்கியாக வேண்டும்.

1950களின் தொடக்கம் வரை வீட்டில் ஆழ்ந்த பாஸ், அதாவது தாழ்ந்த ஒலி, வேண்டுமென்றால் பெட்டி பீரோ அளவுக்கு இருந்தாக வேண்டும் என்பதே நிலைமை. வூஃபரின் கூம்பைச் சுற்றியிருந்த விளிம்பும் பின்னால் அதைத் தாங்கிய ஸ்பைடர் என்ற மடிப்புத் துணியும் விறைப்பானவை. அவைதாம் கூம்பை நடுநிலைக்கு இழுத்துவரும் ஸ்பிரிங்காக வேலை செய்தன. சிறிய பெட்டிக்குள் அடைத்தால் உள்ளிருக்கும் காற்றும் இன்னொரு ஸ்பிரிங்காகச் சேர்ந்துகொள்ள, கூம்பு இயல்பாக அதிரும் அதிர்வெண் மேலே ஏறிப் பாஸ் போய்விடும். எட்கர் வில்சர் என்பவர் இதைத் தலைகீழாகத் திருப்பினார். விளிம்பை எவ்வளவு தளர்த்த முடியுமோ அவ்வளவு தளர்த்திவிட்டு, மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே முதன்மையான ஸ்பிரிங்காக்கினார். துணியையும் அட்டையையும் நம்புவதைவிடக் காற்றை நம்பலாம், ஏனென்றால் கூம்பு நகரும் அளவுக்கு ஏற்பக் காற்று சீராக எதிர்த்து அழுத்துவதால் ஒலித்திரிபு குறையும் என்பது அவர் வாதம். 1954 இல் ஹென்றி க்ளாஸுடன் சேர்ந்து மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் அக்கவுஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கினார். 1956 டிசம்பரில் இந்த அமைப்புக்குக் காப்புரிமை கிடைத்தது. அதன்பின் வந்த இருபது ஆண்டுகளில் புத்தக அலமாரியில் வைக்கும் அளவுப் பெட்டிகள் பலவும் இந்த வழியைப் பின்பற்றின. ஆசிரியர் வீட்டு ஜோடியும் இந்த மரபில் வந்ததுதான்.

இந்த மரபில் விளிம்பு தளர்வாக இருந்தாக வேண்டும், பெட்டி காற்றுப் புகாததாக இருந்தாக வேண்டும். தளர்வுக்காகப் பல தயாரிப்பாளர்கள் பாலியூரித்தேன் ஃபோமைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஃபோம் காற்றிலிருக்கும் ஈரத்தாலும் வெயிலாலும் மெல்ல மெல்ல இற்றுப்போகும். பெட்டியை உபயோகிக்காமல் மூடி வைத்தாலும் இறும். பதினைந்து இருபது ஆண்டுகளில் விரல் பட்டால் அச்சுவெல்லப் பாகு போல ஒட்டும், அல்லது பொடியாக உதிரும். ஆசிரியர் வீட்டில் இரண்டு வூஃபர்களிலும் ஃபோம் எப்போதோ உதிர்ந்துவிட்டது. பெட்டிகள் இரண்டாங்கட்டில் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் பல ஆண்டுகள் கிடந்தன. பேரன் ஒருவன் பழைய ரெக்கார்டுகளைக் கேட்க ஆசைப்பட்ட பிறகு, முதலில் இடப்பெட்டியை மட்டும் நகரத்தில் ஒரு கடையில் கொடுத்து, நன்றாக வந்தால் மற்றதையும் கொடுக்கலாம் என்று நினைத்திருக்கிறார். வலப்பெட்டியை அதுவரை யாரும் திறக்கவில்லை.

இதைக் கேட்டதும் நான் சொன்ன முதல் வாக்கியம், "ஐயா, வலப்பெட்டியைத் தொடாதீர்கள், யாரையும் தொடவிடாதீர்கள்" என்பதுதான். பழைய ஸ்பீக்கரைச் சீராக்க வருபவர்கள் இணையத்தில் வரைபடம் தேடுகிறார்கள். கிடைத்தால் நல்லதுதான், ஆனால் அது அந்த மாடலின் வரைபடம், அந்த ஆண்டின் உற்பத்தியில் என்ன மாற்றினார்கள் என்பது அதில் இருக்காது. ஜோடியில் கைபடாத பெட்டிதான் உண்மையான ஆவணம்: எந்த நிறக் கம்பி எந்த முனைக்குப் போகிறது, ட்வீட்டருக்குத் தாழ்ந்த ஒலிகள் போகாமல் தடுக்கும் கண்டென்சரில் என்ன எண் அச்சாகியிருக்கிறது, வூஃபருக்கும் பலகைக்கும் நடுவே என்ன வைத்து அடைத்தார்கள், உள்ளே எவ்வளவு பஞ்சு இருந்தது என்பதெல்லாம் அதில்தான் எழுதியிருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பிரித்துப் போட்டு வேலை தொடங்குகிறவர்கள் தங்கள் சாட்சியைத் தாங்களே கலைத்துவிடுகிறார்கள். நானும் பல ஆண்டுகளுக்கு முன் என் சொந்த ஜோடியில் அப்படிச் செய்து, ட்வீட்டர் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று தெரியாமல் ஒரு மாதம் அலைந்திருக்கிறேன்.

ஊருக்குப் போக எனக்கு உடனே வழியில்லை. ஆகவே தொலைபேசியிலேயே ஒரு சோதனை சொன்னேன். ஆம்ப்ளிஃபயரிலிருந்து கம்பிகளைக் கழற்றிவிட்டு, சாதாரண 1.5 வோல்ட் டார்ச் பேட்டரி ஒன்றை எடுத்து, அதன் பாசிட்டிவ் முனையைப் பெட்டியின் சிவப்பு முனையிலும் நெகட்டிவை மற்ற முனையிலும் ஒரு கணம் மட்டும் தொட்டு எடுக்க வேண்டும். அப்போது வூஃபரின் கூம்பு வெளியே வருகிறதா உள்ளே போகிறதா என்று ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். ட்வீட்டருக்கு முன்னால் கண்டென்சர் இருப்பதால் பேட்டரியின் நேர்மின்சாரம் அதற்குத் தொடர்ந்து போகாது. வெளியே கழற்றி வைத்த ட்வீட்டரில் இந்தச் சோதனையை நேரடியாகச் செய்யக்கூடாது, மெல்லிய சுருள் கருகிவிடும். உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் கொண்ட இக்காலத்து ஆக்டிவ் ஸ்பீக்கரிலும் செய்யக்கூடாது. பேரன் பார்த்துச் சொன்னான்: வலது வெளியே வருகிறது, இடது உள்ளே போகிறது. ஆக, ஒன்று காற்றைத் தள்ளும் நேரத்தில் மற்றது இழுக்கிறது. தாழ்ந்த ஒலிகள் அறையின் நடுவில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. சிவப்பு முனையில் பாசிட்டிவ் பட்டால் கூம்பு வெளியே வருவது எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான விதி என்று எண்ணிவிட வேண்டாம். ஜேபிஎல் என்ற அமெரிக்க ஸ்பீக்கர் நிறுவனம் பல பத்தாண்டுகள் இதற்கு நேர்மாறான வழக்கத்தைக் கடைப்பிடித்தது. ஜோடியின் இரு பெட்டிகளும் ஒரே பக்கம் அசைகின்றனவா என்பதையே பார்க்க வேண்டும்.

என் பிழை இந்த இடத்தில் நேர்ந்தது. இடப்பெட்டிக்குப் போகும் கம்பிகளை வெளியே மாற்றிப் போடச் சொன்னேன். போட்டார்கள். "இப்போது கொஞ்சம் தேவலை" என்றார் ஆசிரியர். நானும் மகிழ்ந்து, ஃபோம் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துவிட்டு இரண்டு வாரம் சும்மா இருந்துவிட்டேன். கடைக்காரர் உள்ளே வூஃபரின் கம்பிகளை மட்டும் மாற்றிப் பற்றவைத்திருந்தால், வெளியே மாற்றுவதால் வூஃபர் சரியாகும், அதுவரை சரியாக இருந்த ட்வீட்டர் தலைகீழாகிவிடும் என்று நினைத்துப் பார்க்கவில்லை. நடந்தது அதுதான்.

புரட்டாசியில் நேரில் போனேன். செட்டிநாட்டு வீடுகளுக்கே உரிய நீண்ட வளவு. ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, முட்டை வெள்ளைக் கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர். கை தட்டினால் ஓசை போய்த் திரும்பிவரும் இடம். பெட்டிகள் நேராகத் தரையில், சுவரை ஒட்டி வைக்கப்பட்டிருந்தன. ஆசிரியர் ஒரு நாகஸ்வர ரெக்கார்டை வைத்தார். இடப்பெட்டியில் நாகஸ்வரம் தகரக் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. தவிலின் இடந்தலை ஒலி வரவேயில்லை, வலந்தலையின் விரல்கூட்டு அடி மட்டும் மழுங்கிக் கேட்டது. ஒலியைக் கூட்டியபோது அடியில் ஒரு சுரண்டல்.

மல்டிமீட்டரில் வூஃபர்கள் இரண்டும் நேர்மின்தடையில் 6 ஓமுக்குச் சற்று மேலாகக் காட்டின. 8 ஓம் என்று அச்சிட்ட ஸ்பீக்கருக்கு அது இயல்பு. ஆகச் சுருள்கள் நலமாக இருந்தன. அடுத்துக் கையால் சோதித்தேன். மூடிய பெட்டியில் வூஃபரின் கூம்பை இரு கை விரல்களாலும் சமமாக, மெதுவாக உள்ளே அழுத்திச் சற்றுநேரம் பிடித்துவிட்டு விட வேண்டும். விளிம்பு தளர்வாகவும் பெட்டி இறுக்கமாகவும் இருந்தால் கூம்பு தூக்கத்திலிருந்து எழுவதுபோல மெல்லத் திரும்பும். இடது வூஃபர் டக்கென்று துள்ளித் திரும்பியது. பெட்டியில் காற்று ஒழுகுகிறது, அல்லது விளிம்பு விறைப்பாக இருக்கிறது. இரண்டில் எது என்று இந்தச் சோதனை சொல்லாது. ஆசிரியரிடம் ஒரு ஊதுபத்தி கேட்டேன். கைபேசியில் 25 ஹெர்ட்ஸ் ஒலி உண்டாக்கும் செயலியை ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, மிகத் தாழ்ந்த அளவில் ஓடவிட்டு, வூஃபரின் இரும்புச் சட்டத்தைச் சுற்றி ஊதுபத்தியை மெல்ல நகர்த்தினோம். மேலே இரண்டு திருகுகளுக்கு நடுவே புகை நேராக எழாமல் வெடவெடவென்று ஆடியது. ஆச்சியம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "பெட்டிக்குப் பூசையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வலப்பெட்டியைத் திறந்தபோதுதான் எல்லாம் விளங்கியது. அங்கே வூஃபருக்கும் பலகைக்கும் நடுவே கறுத்த களிம்பு போன்ற ஒரு பொருளைச் சுற்றிலும் உருட்டி வைத்து அடைத்திருந்தார்கள். ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் விரலால் அழுத்தினால் பதிந்தது. இடப்பெட்டியில் அதைச் சுரண்டி எறிந்துவிட்டு, இடத்தை வெறுமனே விட்டு மரத் திருகுகளை இறுக்கியிருந்தார்கள். வலப்பெட்டியில் வூஃபரின் சிவப்புப் புள்ளியுள்ள முனைக்கு மஞ்சள் கம்பி, இடப்பெட்டியில் கறுப்பு. வலப்பெட்டியில் ட்வீட்டருக்கு முன்னால் உலோகக் குப்பியில் அடைத்த 4 மைக்ரோஃபாரட் கண்டென்சர். இடப்பெட்டியில் அதன் இடத்தில் நெகட்டிவ் முனைகளைச் சேர்த்துப் பற்றவைத்த இரண்டு சாதாரண கண்டென்சர்கள், ஒவ்வொன்றும் 4.7.

இந்த 4.7 ஐப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் கடைக்காரரின் அறியாமையோடு அவருடைய திறமையும் தெரிகிறது. ஸ்பீக்கரில் ஓடுவது மாறுமின்னோட்டம். முனை குறித்த சாதாரண எலக்ட்ரோலிடிக் கண்டென்சர் அங்கே நிலைக்காது. முனையில்லாதது கையில் இல்லாவிட்டால், இரண்டை முதுகோடு முதுகு வைத்துச் சேர்ப்பது ரேடியோ காலத்திலிருந்து நம் ஊர்க் கைவினைஞர்கள் அறிந்த உத்தி. அந்த உத்தி அவருக்குத் தெரிந்திருந்தது. தொடரில் சேர்த்தால் மதிப்பு பாதியாகும் என்பதுதான் தெரியவில்லை, அல்லது அவசரத்தில் மறந்துவிட்டது. 4.7 இரண்டு சேர்ந்து 2.35 ஆகிவிட்டன. 8 ஓம் ட்வீட்டருக்கு 4 மைக்ரோஃபாரட் வைத்தால் அது சுமார் 5,000 ஹெர்ட்ஸிலிருந்து பாடத் தொடங்கும், 2.35 வைத்தால் சுமார் 8,500 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும். நாகஸ்வரத்தின் சீவாளிக் கூர்மையும் பாடுகிறவரின் சகர ஒலிகளும் பெருமளவுக்கு இந்த இடைவெளியில்தான் வாழ்கின்றன. அங்கே வூஃபரும் பாதி கைவிட்டுவிட்டது, ட்வீட்டரும் இன்னும் தொடங்கவில்லை. எட்டு மைக்ரோஃபாரட்டில் இரண்டு வாங்கியிருந்தால் அவர் வேலை பிழைத்திருக்கும்.

விளிம்புக்கு வருவோம். ஃபோம் இருந்த இடத்தில் கடையில் ரப்பர் வளையம் ஒன்றை ஒட்டியிருந்தார்கள். ரப்பர் ஃபோமைப் போல எளிதில் இற்றுப்போகாது, ஆயுள் அதிகம், பார்க்கவும் நன்றாக இருக்கும். இக்காலத்து நல்ல ஸ்பீக்கர்கள் பலவற்றில் ரப்பர்தான். ஆகவே "ஃபோமைவிட ரப்பர் மேல்" என்ற பேச்சு எல்லா இடத்திலும் இருக்கிறது. அந்தந்தக் கூம்பின் எடையையும் பெட்டியின் கொள்ளளவையும் கணக்கிட்டு வடிவமைத்த ரப்பர் வேறு, கையிருப்பில் 10 அங்குலத்துக்குப் பொருந்தியது என்பதற்காக ஒட்டிய ரப்பர் வேறு. ஆனால் இதை வாயால் சொன்னால் ஆசிரியர் ஏன் நம்ப வேண்டும்? கடைக்குப் பணம் கொடுத்தாகிவிட்டது. பார்வைக்குப் புத்தம் புதிதாக இருக்கும் விளிம்பைக் கிழிக்கச் சொல்கிறான் சென்னையிலிருந்து வந்த ஒருவன். அவர் மௌனமாக இருந்தார். "முதலில் வலதை முடித்துக்கொள்வோம் ஐயா, அளந்து பார்த்துவிட்டு இடதைப் பற்றிப் பேசலாம்" என்றேன்.

வலது வூஃபரைச் சென்னைக்குக் கொண்டுவந்தேன். ஃபோம் வளையம் வாங்கும்போது "10 அங்குலம்" என்று கேட்டு வாங்குவது வீண். அது இரும்புச் சட்டத்தின் பெயரளவு மட்டுமே. கூம்பின் வெளி விட்டம், சட்டத்தில் விளிம்பு ஒட்டும் இடத்தின் உள் விட்டமும் வெளி விட்டமும், வளைவின் அகலம், கூம்பின் விளிம்பு சாய்வா தட்டையா என்பது ஆகிய எல்லாவற்றையும் ஸ்கேலில் அளந்துதான் ஆர்டர் கொடுக்க வேண்டும். பழைய ஃபோமின் எச்சத்தைச் சுரண்டுவதற்கு ஒரு மாலை முழுவதும் ஆனது. சட்டத்தில் மழுங்கிய கத்தியால் தாராளமாகச் சுரண்டலாம். கூம்பு காகிதம், அங்கே நகமும் பொறுமையும்தான். புதிய வளையத்தை முதலில் கூம்பில் மட்டும் வெள்ளைப் பசையால் ஒட்டி, ஓர் இரவு காயவிட்டேன். மறுநாள் சட்டத்தில் ஒட்டுவதுதான் நுணுக்கமான கட்டம், ஏனென்றால் கூம்பை அசைக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் காந்த இடுக்குக்குள் எந்தப் பக்கமும் உரசாமல் நடுவில் நிற்க வேண்டும். இருபக்கமும் இருக்கும் இடைவெளி நூல் கனம்கூட இராது. கூம்பின் நடுவில் தூசு புகாமல் மூடியிருக்கும் டஸ்ட் கேப்பை வெட்டி எடுத்து, சுருளுக்கும் காந்தத்துக்கும் நடுவே பழைய புகைப்பட நெகட்டிவ் ஃபிலிமைக் கீற்றுகளாக நறுக்கிச் செருகிவிட்டு ஒட்டுவது பாதுகாப்பான வழி. அசல் டஸ்ட் கேப்பை வெட்ட எனக்கு மனம் வராது. ஆகவே பசை ஈரமாக இருக்கும்போதே 30 ஹெர்ட்ஸ் ஒலியைத் தாழ்வாக ஓடவிட்டு, கூம்பின் மேல் காதை வைத்து, உரசல் கேட்கிற பக்கத்தை விரலால் மயிரிழை நகர்த்தி, உரசல் நிற்கும் இடத்தில் பிடித்துக்கொண்டு பசை இறுகக் காத்திருந்தேன். பழகியவருக்கு இது போதும். முதல் முறை செய்பவர் ஃபிலிம் வழியையே கைக்கொள்ளட்டும்.

ஐப்பசியில் மழைக்கு நடுவே வூஃபரை எடுத்துக்கொண்டு மறுபடியும் போனேன். வலப்பெட்டியில் பொருத்தி, அதே பழைய களிம்பை இளக்கிச் சுற்றிலும் வைத்தோம். நான் கொண்டுபோயிருந்த புதிய களிம்பால் இடப்பெட்டியின் ஒழுகலையும் அடைத்தோம், இல்லாவிட்டால் ஒப்பீடு நியாயமாக இராது. பிறகு அளவெடுத்தோம். இதற்குப் பெரிய கருவி வேண்டாம். ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே தொடரில் 1,000 ஓம் மின்தடை ஒன்றை வைத்துவிட்டு, ஸ்பீக்கரின் முனைகளில் மல்டிமீட்டரை மாறுமின்னழுத்த மில்லிவோல்ட்டில் வைத்து, கைபேசி ஒலியை 20 ஹெர்ட்ஸிலிருந்து ஒவ்வொரு ஹெர்ட்ஸாக ஏற்றிக்கொண்டே போனால், ஓரிடத்தில் எண் உச்சத்துக்குப் போய் இறங்கத் தொடங்கும். அதுதான் அந்தப் பெட்டிக்குள் அந்த வூஃபரின் இயல்பு அதிர்வெண். மூடிய பெட்டியில் அதற்குக் கீழே ஒலி வேகமாகச் சரிந்துவிடும், பாதி அதிர்வெண்ணுக்குப் போவதற்குள் சுமார் 12 டெசிபல் வரை. பேரன் எண்களைப் படிக்க, ஆசிரியர் ஒரு பழைய மாணவர் நோட்டில் அழகான கையெழுத்தில் குறித்துக்கொண்டார்.

வலது: பெட்டிக்குள் 48 ஹெர்ட்ஸ். வெளியே எடுத்துக் கையில் தொங்கவிட்டபோது 24. இடது: பெட்டிக்குள் 71. வெளியே 57.

கணக்காசிரியரிடம் எண்களைக் கொடுத்தால் அதன்பின் நாம் பேச வேண்டியதில்லை. கூம்பின் எடை மாறாத வரையில் ஸ்பிரிங்கின் விறைப்பு அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு ஏறும் என்று மட்டும் சொன்னேன். அவர் நோட்டிலேயே போட்டுப் பார்த்தார். 48 இன் வர்க்கம் 2,304. 24 இன் வர்க்கம் 576. வித்தியாசமான 1,728 தான் காற்று தரும் பங்கு, அதாவது சரியாக முக்கால். வலது வூஃபரில் கூம்பைப் பிடித்து இழுக்கும் விறைப்பில் நான்கில் மூன்று பங்கு காற்றுக்கும் ஒரு பங்கு விளிம்புக்கும் ஸ்பைடருக்கும் உரியது. வில்சரின் கருத்து ஒரு மாணவர் நோட்டில் எண்களாக நின்றது. இடதில் 57 இன் வர்க்கம் 3,249. அதனோடு அதே 1,728 ஐக் கூட்டினால் 4,977; வர்க்கமூலம் எழுபதரை. நாம் அளந்தது 71. ரப்பரின் எடையால் வரும் சிறு வேறுபாட்டை விட்டுவிட்டாலும், இடதில் விறைப்பில் மூன்றில் இரண்டு பங்கு ரப்பருடையது, காற்றுக்கு வேலையே குறைவு என்பது தெளிவாகிவிட்டது. "பெட்டிக்குள்ளே வேறொரு ஸ்பீக்கரை வைத்துவிட்டார்கள்" என்றார் ஆசிரியர். நோட்டை மூடிவைத்துவிட்டு, "கிழித்துவிடுங்கள் தம்பி" என்றார்.

ரப்பரைக் கிழிப்பது சொல்வதுபோல் எளிதாக இருக்கவில்லை. செருப்புக்கு ஒட்டும் மஞ்சள் பசையைப் போன்ற ஒன்றைத் தாராளமாகத் தடவியிருந்தார்கள். பஞ்சில் தின்னரைத் தொட்டுத் தொட்டுப் பசையை இளக்கி, ஒரு விரற்கடை அகலம் உரித்து, ஆவி போகக் காத்திருந்து, மறுபடியும் இளக்கி, இப்படி மூன்று மாலைகள். காகிதம் ஓரிடத்தில் இரண்டு சென்டிமீட்டர் கிழிந்தது. பின்புறமாக மெல்லிய டிஷ்யூ தாளை வெள்ளைப் பசையில் தோய்த்து ஒட்டினேன். கடையில் டஸ்ட் கேப்பை ஏற்கெனவே வெட்டி வேறொன்று ஒட்டியிருந்ததால் அதை எடுப்பதில் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை. எடுத்துப் பார்த்தால் சுருளின் ஒரு பக்கத்தில் வார்னிஷ் தேய்ந்து செம்பு மின்னியது. கோணலாக ஒட்டியதால் வந்த சுரண்டலின் தடம். இம்முறை ஃபிலிம் கீற்றுகளைச் செருகித்தான் ஒட்டினேன்.

கண்டென்சருக்கு வந்தபோது, வலப்பெட்டியின் அசல் கண்டென்சரையும் அளந்தேன். 4 என்று அச்சிட்டிருந்தது 5.2 காட்டியது. பழைய எலக்ட்ரோலிடிக்குகள் இப்படி விலகுவது வழக்கம்தான். சாட்சி என்பதற்காகச் சாட்சியின் மூப்பையும் நகலெடுக்கக்கூடாது. அச்சிட்ட எண்ணை எடுத்துக்கொண்டு இரண்டு பெட்டிகளுக்கும் புதியது போட முடிவுசெய்தேன். சென்னையில் ரிச்சி தெருவுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. காரைக்குடியில் மின்சாமான் கடையில் சீலிங் ஃபேனுக்குப் போடும் 4 மைக்ரோஃபாரட் கண்டென்சர் நான்கு வாங்கி, அளந்து, எண் ஒத்த இரண்டைப் பொறுக்கிக்கொண்டோம். இதைச் சொன்னால் ஆடியோ ரசிகர்களில் சிலர் முகம் சுளிப்பார்கள். ஃபேன் கண்டென்சர் முனையில்லாதது, மாறுமின்னோட்டத்துக்கென்றே செய்தது, உள்ளே இருப்பது பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம். பெரிய பெயர் அச்சிட்டு இருபது மடங்கு விலைக்கு விற்பவற்றின் உள்ளேயும் பெரும்பாலும் அதே ஃபிலிம்தான். இடம் அடைக்கும் என்பது ஒன்றுதான் குறை, இந்தப் பெட்டிகளில் இடத்துக்குப் பஞ்சமில்லை. பழைய எலக்ட்ரோலிடிக்கில் இயல்பாக இருந்த சிறு மின்தடை ஃபிலிமில் இல்லாததால் ட்வீட்டர் சற்றுக் கூர்மையாகக் கேட்கும். அதைச் சமன்செய்ய 0.47 ஓம் மின்தடை ஒன்றைத் தொடரில் சேர்த்தேன். இடப்பெட்டிக்குள் வூஃபரின் கம்பிகளை வலப்பெட்டியில் இருந்தபடியே மாற்றிப் பற்றவைத்து, வெளியே நான் மாற்றச் சொன்ன கம்பிகளைப் பழையபடி போட்டபோதுதான் என் பிழையும் நீங்கியது. பின்புறத் திருகுகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது, துடைத்துப் பலமுறை திருப்பியதில் சரியாயிற்று.

இறுதி அளவு: வலது 48, இடது 49. ஒரு ஹெர்ட்ஸ் வித்தியாசத்தை அந்த டிஷ்யூ ஒட்டுக்கும் புதிய டஸ்ட் கேப்புக்கும் எழுதிவைக்கலாம்.

பெட்டிகளைத் தரையிலிருந்து எடுத்து, முழங்கால் உயர மணைப் பலகைகள் மேல் வைத்து, சுவரிலிருந்து இரண்டடி முன்னால் நகர்த்தினோம். எதிரே ஒரு பவானி ஜமுக்காளத்தை விரித்தபோது ஆத்தங்குடிக் கல்லின் எதிரொலி பாதி அடங்கியது. இந்த ஒரு மாற்றம் கண்டென்சரைவிடக் கூடுதலாகக் காதில் பட்டது என்பதையும் நேர்மையாகப் பதிவுசெய்கிறேன்.

பேரன் தன் அறையில் வைத்திருந்த இக்காலத்துச் சிறு ஸ்பீக்கர் ஜோடியைப் பற்றியும் கேட்டான். ஐந்தரை அங்குல வூஃபர், ரப்பர் விளிம்பு, பின்னால் காற்றுக் குழாய் வைத்த பெட்டி. நெவில் தீல் 1961 இல் ஆஸ்திரேலியாவில் வெளியிட்ட கணக்கும் அதை ரிச்சர்ட் ஸ்மால் 1970களில் விரித்தெழுதியதும் வந்த பிறகுதான் இத்தகைய பெட்டிகளை முன்கூட்டியே கணித்துச் செய்ய முடிந்தது. அதில் விளிம்பின் விறைப்பு, பெட்டியின் கொள்ளளவு, குழாயின் நீளம் மூன்றும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. ஒன்றை மாற்றினால் மற்றவை பொய்யாகிவிடும். அந்த ஜோடியிலும் பாஸ் குறைவாக இருப்பதாக அவன் சொன்னான். ஆம்ப்ளிஃபயர் தனியாக இருந்ததால் பேட்டரியை எடுத்துவரச் சொன்னேன். ஒன்று வெளியே வந்தது, ஒன்று உள்ளே போனது. அவனே கம்பியை மாற்றிக்கொண்டான். இம்முறை வெளியே மாற்றுவதே சரி என்பதை, உள்ளே யாரும் கை வைத்ததில்லை என்று இரண்டு முறை கேட்டு உறுதிசெய்த பின்புதான் ஒப்புக்கொண்டேன்.

இடது வூஃபரில் செம்பு தெரிந்த இடத்தை வார்னிஷ் தொட்டு மூடியிருக்கிறேன். ஒலியை மிக உயர்த்தினால் தவிலின் பலத்த அடிகளில் இன்னும் மெல்லிய சுரண்டல் ஒன்று கேட்கிறது. முழுத் தீர்வு புதிய சுருள் சுற்றுவதுதான். ஆசிரியர் அந்த அளவுக்கு உயர்த்துவதில்லை, ஆச்சியம்மா விடுவதுமில்லை. இரண்டு பெட்டிகளின் உள்பலகையிலும் தேதியையும் 48, 49 என்ற எண்களையும், எந்தக் கம்பி எந்த முனைக்கு என்பதையும் பென்சிலால் எழுதிவைத்துவிட்டு மூடினோம். இன்னும் பதினைந்து இருபது ஆண்டுகளில் இந்த ஃபோமும் உதிரும்.